அதிர்ச்சி நிலையின் வகைகளும் தாதியர் கடமையும்

காவிரி சூழ்ந்த தீவாகிய ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டை 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் வீழ்ந்தது. அன்று காயமுற்றோர் பலர். இரத்தம் இழந்தோர்க்கு அதை ஈடுசெய்யும் வழி அக்கால வைத்தியரிடம் இல்லை. மனித இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றும் சிகிச்சையை ஜேம்ஸ் பிளண்டல் இலண்டனில் 1818-இல்தான் செய்தார். இரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் வெளியிட்டது 1901-இல்.

‘அதிர்ச்சி’ என்றால் திடுக்கிடுதல் என்றே பலரும் கருதுவர். மருத்துவத்தில் அதன் பொருள் வேறு. உறுப்புக்களுக்கு வேண்டிய பிராணவாயுவை இரத்த ஓட்டம் கொண்டு சேர்க்க இயலாத நிலையே அதிர்ச்சி நிலையாகும்.

இதனைக் கால்வாய்ப் பாசனத்தைக் கொண்டு மாணவர்க்கு விளக்கலாம். வயல் காய்வதற்குக் காரணம் நான்கு: நீர் குறைதல், இறைக்கும் பொறி பழுதாதல், கரை அகன்று நீர் பரவிப்போதல், வழி அடைபடுதல். அதிர்ச்சியும் இவ்வாறே நால்வகைப்படும்.

1. குறைவினால் வருவது: இரத்தப்போக்கு, கடும் வயிற்றுப்போக்கு, பெருந் தீக்காயம்.

2. இதயத் தளர்ச்சியால் வருவது: பெரும்பாலும் மாரடைப்பின் விளைவு.

3. இரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது: கடும் நோய்த்தொற்று, தேனீக் கொட்டு அல்லது மருந்து ஒவ்வாமை, முதுகுத்தண்டுக் காயம்.

4. தடையினால் வருவது: நெஞ்சறையில் காற்று அடைபட்டு அழுத்துதல், இதய உறைக்குள் இரத்தம் தேங்குதல்.

விரைந்த நாடி, குளிர்ந்து வியர்த்த சருமம், மூச்சிரைப்பு, மனக்குழப்பம், சிறுநீர்க் குறைவு ஆகியவை பொதுவான அறிகுறிகள். எனினும் நோய்த்தொற்றில் சருமம் தொடக்கத்தில் வெதுவெதுப்பாக இருக்கலாம். முதுகுத்தண்டுக் காயத்தில் நாடி மந்தமாகலாம். இரத்த அழுத்தம் குறைவது பெரும்பாலும் பிந்திய அறிகுறி. உடல் முதலில் நாடியை விரைவாக்கியும் குழாய்களைச் சுருக்கியும் அழுத்தத்தைக் காத்துக்கொள்கிறது. ஆகவே அழுத்தம் சரியாயிருப்பதைக் கண்டு தாதி ஏமாறலாகாது.

வகையறிதல் ஏன் அவசியம்? இரத்தமிழந்தவரைக் காக்கும் சிரைவழித் திரவமே, தளர்ந்த இதயமுடையவருக்கு மிகுதியானால் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றி இடும் அட்ரினலின் ஊசி.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிச் செல்லும் பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் ஒருவர் விபத்தில் அடிபட்டால், காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, படுக்கவைத்து, போர்த்தி, உணவோ நீரோ புகட்டாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். 1799-இல் இல்லாத சிகிச்சை இன்று உண்டு; அது பயன்படுவது, அறிகுறியை முதலில் காண்பவரின் விழிப்பைப் பொறுத்தது.