சரக்கு வேன் வாங்குமுன்: எந்த டீசல் என்ஜின் நமக்கு ஏற்றது?

மளிகைக் கடைக்காரரானாலும் மொத்த வியாபாரியானாலும், சொந்தமாக ஒரு சரக்கு வேன் இல்லாமல் இன்று வியாபாரம் நடத்துவது கடினம். வண்டி வாங்கப் போகிற வணிகர் முதலில் விலையைக் கேட்கிறார். அடுத்து மைலேஜைக் கேட்கிறார். என்ஜின் நம்பிக்கையானதா என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கும் கடைத்தெருவில் காதில் விழுந்ததே பதிலாகிவிடுகிறது. மளிகை மொத்த வியாபாரத்தில் பல வருடங்களாக வண்டி வைத்து நடத்தி வருகிறவர்கள் என்ற முறையில், இந்த மூன்றாவது கேள்வியையே முதல் கேள்வியாக வைக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம்.

மைலேஜ் கணக்கும் நிற்கும் நாள் கணக்கும்

இரண்டு வேன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது. மற்றது 20 கொடுக்கிறது. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 18,000 கிலோமீட்டர். முதல் வண்டிக்கு 1,000 லிட்டர் டீசல். இரண்டாவதற்கு 900 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் இரண்டாவது வண்டியில் வருட மிச்சம் 9,200 ரூபாய்.

அந்த இரண்டாவது வண்டி பழுதாகி ஷெட்டில் நிற்கிறது என்று கொள்வோம். சரக்கு போய்த்தான் ஆக வேண்டும். வாடகை வண்டிக்கு நாளைக்கு 2,000 ரூபாய்; சும்மா இருக்கும் நம் டிரைவருக்குச் சம்பளம் 800 ரூபாய். நான்கு நாள் நின்றால் 11,200 ரூபாய். வருடம் முழுக்கச் சேர்த்த மைலேஜ் லாபம் நான்காம் நாள் முடிவதற்குள் கரைந்துவிட்டது. ரிப்பேர் செலவை இதில் சேர்க்கவில்லை. தீபாவளி வாரத்தில் வண்டி நின்றுபோய், வேறு மண்டியில் சரக்கு எடுக்கப் போன சில்லறைக் கடைக்காரர் மறுமாதம் நம்மிடம் திரும்பி வருவாரா என்பதையும் சேர்க்கவில்லை. மாதத் தவணையோ, வண்டி ஓடினாலும் நின்றாலும் அதே தேதியில் வரும்.

இதே வண்டி நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் கணக்கு மாறும். வருடத்துக்கு 60,000 கிலோமீட்டர். டீசல் மிச்சம் 30,000 ரூபாய்க்கு மேல். அங்கே மைலேஜுக்கு மதிப்பு உண்டு. ஆகவே எந்த என்ஜின் நல்லது என்று பொதுவில் கேட்பதில் பயனில்லை. நம் ஓட்டத்துக்கு எது நிற்காமல் ஓடும் என்றுதான் கேட்க வேண்டும்.

பழைய என்ஜினும் புதிய என்ஜினும்

மேட்டடார் வேன்கள் ஓடிய காலத்தில் டீசல் என்ஜின் கோளாறு என்றால் பம்பு, நாசில், பிஸ்டன் ரிங், கேஸ்கட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். 2005இல் டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன், டர்போ கிடையாது. வேகம் குறைவு, சத்தம் அதிகம். ஆனால் கெட்டுப்போகக்கூடிய பாகங்களும் குறைவு.

2017 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 4 விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதியும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகை குறைந்தது, காற்றுக்கு நல்லது. ஆனால் என்ஜினின் அமைப்பே மாறிவிட்டது. இப்போதைய 'காமன் ரெயில்' முறையில், ஒரு பொதுக் குழாயில் டீசலை ஆயிரம் 'பார்' அழுத்தத்துக்கும் மேல் தேக்கி வைத்து, மின்னணுப் பெட்டி கட்டளையிடும் நேரத்தில் இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கிறார்கள். வேன் டயரில் நாம் அடிக்கும் காற்று மூன்று நான்கு பார்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவ்வளவு அழுத்தத்தில் சிறிது தண்ணீரோ தூசியோ போனாலும் பம்பும் இன்ஜெக்டரும் பழுதாகும். கலப்பட டீசலைப் பழைய என்ஜின் ஓரளவு தாங்கியது, புதியது தாங்காது. டீசல் பில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிப்பதும், பில்டரைக் கெடு தவறாமல் மாற்றுவதும் இன்று மிக அவசியம்.

புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்கள்

பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் நம்பகத்தன்மை பற்றி எழும் புகார்களில் பல, என்ஜினைவிடப் புகை சுத்தம் செய்யும் சாதனங்களைப் பற்றியவை. மாடலுக்கு மாடல் இவை வேறுபடும். நாம் வாங்கும் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1. கரித்தூள் வடிகட்டி. டி.பி.எப். என்பார்கள். புகையிலுள்ள கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி நிறைந்ததும் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் நிற்காமல் ஓட வேண்டும். கடைக்குக் கடை நின்று, இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜினை அணைக்கும் வண்டியில் இது பாதியிலேயே நின்றுபோகும். பல முறை இப்படி நடந்தால் வடிகட்டி அடைத்து வண்டி இழுக்காது. சுத்தம் செய்வதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் என்ஜின் ஆயிலிலும் கலக்கும். எனவே ஆயில் அளவு ஏறியிருந்தால் அது நல்ல செய்தி அல்ல. உடனே சர்வீசுக்குக் கொண்டுபோக வேண்டும்.

2. யூரியா திரவம். 'ஆட் புளூ' அல்லது 'டி.இ.எப்.' என்று விற்கிறார்கள். இதில் 32.5 சதவீதம் யூரியா. மீதி சுத்திகரித்த தண்ணீர். நூறு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து லிட்டர் செலவாகும். தீர்ந்துவிட்டால் என்ஜின் சக்தி குறைக்கப்படும். மலிவாகக் கிடைக்கிறது என்று பேரல் சரக்கை ஊற்றுவதும், குழாய்த் தண்ணீரைக் கலப்பதும் கெடுதல். வெயிலில் வைத்தால் திரவம் கெடும். நிழலான இடத்தில் வைக்க வேண்டும். இந்தத் திரவம் தேவைப்படாத வேறு முறையில் அமைந்த சிறிய வண்டிகளும் உண்டு.

3. புகை மறுசுழற்சி வால்வு. இ.ஜி.ஆர். என்று சொல்லப்படும். புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புவது இது. மெதுவாக, நின்று நின்று ஓடும் வண்டியில் கரி படிந்து இறுகும்.

இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் சொல்வார்கள். அது சட்டப்படி குற்றம், வாரண்டியும் போகும். அந்த யோசனைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

நம் ஓட்டம் எத்தகையது?

மேற்சொன்னவற்றை வைத்துப் பார்த்தால், ஓட்டத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

டவுனுக்குள் நாளைக்கு 30, 40 கிலோமீட்டர், இருபது கடைகளில் நிறுத்தம் என்றால், டீசல்தான் வேண்டுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். பெட்ரோல், சி.என்.ஜி., பேட்டரி வண்டிகள் இந்த அளவில் வந்துவிட்டன. டீசலே வேண்டுமென்றால், வாரம் ஒரு நாளாவது பைபாஸ் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டத்துக்கு விட வேண்டும்.

மார்க்கெட்டிலிருந்து சரக்கு ஏற்றி, 50, 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர்களுக்குப் போய் வரும் வண்டிக்கு டீசல் பொருத்தமானது. என்ஜின் நன்றாகச் சூடேறும். வடிகட்டி தானே சுத்தமாகும்.

வாரம் இரு நாள் ஓடி மீதி நாள் நிற்கும் வண்டிக்குப் புதிய டீசல் வேன் கட்டுபடியாவது அரிது. வாடகை வண்டியே மேல்.

பாரத்துக்கு ஏற்ற என்ஜின்

முக்கால் டன் வண்டி என்றால் 50 கிலோ சர்க்கரை மூட்டை 15தான். அதில் 25 மூட்டை ஏற்றிவிட்டு என்ஜின் சரியில்லை என்று குறை கூறுவது நியாயமல்ல. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வகை. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டர்போ என்ஜின். மஹிந்திரா பொலேரோ பிக்-அப்பில் இருப்பது நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் என்ஜின். பெரிய என்ஜின் பாரத்தைச் சிரமமின்றி இழுக்கும்; டீசல் கூடுதலாகக் குடிக்கும். நாம் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்து, அதற்கு மேல் கால் பங்கு தாங்கும் வண்டியை எடுப்பது நல்லது. டர்போ வண்டியில் பாரத்துடன் வேகமாக ஓடி வந்ததும் உடனே அணைக்கக் கூடாது; ஒரு நிமிடமாவது ஐடிலிங்கில் விட வேண்டும்.

கடைத்தெருப் பேச்சை எடை போடுவது

ஒருவர் வண்டி நடுரோட்டில் நின்றால் போதும், "அந்த என்ஜின் மோசம்" என்று மார்க்கெட் முழுக்கப் பரவிவிடும். சரக்கைச் சாம்பிள் பார்த்து வாங்கும் நாம், இந்தப் பேச்சையும் அப்படியே சோதிக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டரில் கெட்டது? எந்தப் பாகம்? என்ன பாரம் ஏற்றினார்? சர்வீஸ் கெடுப்படி செய்தாரா? ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேரின் வண்டிகளில், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டரில், ஒரே பாகம் போயிருந்தால் கோளாறு என்ஜினில் என்று கொள்ளலாம். ஒரே ஆளிடம் மூன்று விதமான கோளாறு என்றால், கோளாறு பராமரிப்பில். புதிதாக வந்த என்ஜினை அவசரப்பட்டு முதல் ஆளாக வாங்காமல், ஒரு வருடம் மற்றவர்கள் ஓட்டியதைப் பார்த்து வாங்குவது நமக்குப் பாதுகாப்பு.

முன்பணம் கொடுக்குமுன்

விற்பனையாளரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, முடிந்தவரை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

- இன்ஜெக்டர், பம்பு, டர்போ, கரி வடிகட்டி ஆகியவை வாரண்டியில் அடங்குமா? எத்தனை கிலோமீட்டர் வரை?
- இவை ஒவ்வொன்றின் இன்றைய விலை என்ன? கையிருப்பு உள்ளூரில் உண்டா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா?
- என்ஜின் லைட் எரிந்தால் கம்ப்யூட்டர் வைத்துச் சோதிக்கும் வசதி நம் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது?
- எந்த வகை ஆயில்? எவ்வளவு ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பழைய வண்டி வாங்குகிறவர்கள், அந்த என்ஜினைக் கம்பெனி இன்னும் தயாரிக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். மாருதி சூப்பர் கேரி 2016இல் 793 சி.சி. டீசல் என்ஜினோடு வந்தது. 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது அந்தக் கம்பெனி டீசலையே விட்டுவிட்டது. இத்தகைய வண்டி மலிவாகக் கிடைத்தாலும், உதிரிப் பாகம் தொடர்ந்து கிடைக்குமா என்று பார்த்தே விலை பேச வேண்டும்.

கடைசியாக ஒன்று. வண்டி எடுத்ததும் டிரைவரை ஷோரூமுக்கு அழைத்துப்போய், எந்த லைட் எரிந்தால் என்ன செய்வது என்று அவருக்கு நேரில் சொல்லிக்கொடுக்கச் செய்ய வேண்டும். ஆறேழு லட்சம் ரூபாய் கடன் வாங்கி எடுக்கிற வண்டியின் ஆயுள் தினமும் அவர் கையில்தான் இருக்கிறது.