நீட் எழுதும் பிள்ளை தூங்கட்டும்!

“ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண் முழிச்சுப் படிக்கிறான்” என்று பெருமைப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2025-ல் நீட் தேர்வு நடந்தது மதியம் 2 முதல் 5 மணி வரை. 180 நிமிடம், 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தப்பானால் 1 போய்விடும். சாதாரணமாகவே உடம்பு சொக்குகிற நேரம் அது. ராத்திரித் தூக்கமும் குறைந்தால் கேட்கவே வேண்டாம், தெரிந்த கேள்வியிலேயே தப்பு வரும். படித்தது மனதில் பதியவும் தூக்கம் வேண்டுமே!

கடைசி ஒரு மாதம், மாதிரித் தேர்வை மதியம் இரண்டு மணிக்கே எழுத வையுங்கள். அன்றைக்கு பன்னிரண்டு மணிக்குள் அரை வயிற்றுச் சாப்பாடு. இரண்டு இட்லியோ, கொஞ்சம் ரசம் சாதமோ போதும். ‘பரீட்சை எழுதற புள்ளை’ என்று பிரியாணி போட்டுவிடாதீர்கள்! மாலைக் காபியோடு சரி. ராத்திரிக்கு ஃப்ளாஸ்க் வேண்டாம். பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். முறைப்பான். முறைக்கட்டும்.