செவ்வாய்க்கு ஏற்ற மனிதனை டிசைன் பண்ணலாமா?

செவ்வாயில் குடியேற ராக்கெட் மட்டும் போதுமா? போய் இறங்குற உடம்பு தாங்கணுமே! அந்த உடம்பின் மரபணுவையே மாற்றினால் என்ன? வாங்க, ஒரு டிசைன் பிராப்ளம் மாதிரி பார்ப்போம்.

பிரச்சினை என்ன?

முதலாவது கதிர்வீச்சு. பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். செவ்வாயின் தரையில் கியூரியாசிட்டி ரோவர் அளந்ததோ, ஒரு நாளைக்கே சுமார் 0.67! நாலே நாளில் நம்ம ஒரு வருஷக் கணக்கு முடிஞ்சிடும்.

இரண்டாவது எலும்பு. விண்வெளி நிலையத்தில், உடல் எடையைத் தாங்கும் எலும்புகள் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழக்கின்றன. செவ்வாய்க்குப் போகவே மாதக்கணக்கில் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான்.

தீர்வு இருக்கா?

நீர்க்கரடி என்ற நுண்ணுயிரி கடும் கதிர்வீச்சையும் தாங்கும். அதன் 'டிசப்' என்ற புரதத்தை, ஜப்பான் விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களில் உருவாகச் செய்தார்கள். எக்ஸ்-கதிரால் டிஎன்ஏவுக்கு வரும் சேதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2016-இல் வெளியான முடிவு இது. எலும்புக்கும் வழி உண்டு. எல்ஆர்பி5 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருப்பவர்களுக்கு எலும்பு மிக அடர்த்தியாக இருக்கும்.

அப்போ ரெண்டையும் சேர்த்துட்டா வேலை முடிஞ்சுதா? இல்லைங்க. அதே டிசப், ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்களுக்குக் கேடு செய்திருக்கிறது. எலும்பு அடர்த்தியானவர்களில் சிலரால் தண்ணீரில் மிதக்க முடிவதில்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். நமக்குத் தெரிந்த கணக்குதானே!

உண்மையான சிக்கல்

நாம செய்யற புராஜெக்ட் சொதப்பினால் கழற்றி மாட்டலாம். கருவில் செய்யும் மாற்றத்தை அப்படிக் கழற்ற முடியாது. அது அடுத்தடுத்த தலைமுறைக்கும் போகும். 2018-இல் சீனாவின் ஹ ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, அடுத்த ஆண்டு அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை. அந்தக் குழந்தைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

செவ்வாய்க்காக வடிவமைக்கப்படும் குழந்தையும் அப்படித்தான். வளர்ந்தபின் "எனக்குப் பூமிதான் வேணும்" என்று சொன்னால்? அதற்குள் அதன் உடம்பு வேறொரு கிரகத்துக்காக முடிவு செய்யப்பட்டிருக்கும். கவச உடையைக் கழற்றலாம், பாதாள வீட்டை விட்டு வெளியே வரலாம். மரபணுவை விட்டு எங்கே போவது?

அதனால், மனிதனை மாற்றும் முன் உடையையும் வீட்டையும் எவ்வளவு தூரம் மேம்படுத்தலாம்னு யோசிங்க. அது நம்ம துறை வேலைதானே!