ஸ்க்ரூவைக் கழற்றும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, ஃபேன் அலறி, கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் "சிப் போச்சு, வேற கார்டு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார் என்றும். தயவுசெய்து அதற்காக இப்போதே பணம் புரட்டாதீர்கள். வேலூர் வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு சூடாவதற்கு எளிய காரணங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பலவற்றுக்குச் செலவே கிடையாது.

முதலில் அளந்து பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சென்சார் பக்கத்தின் அடியில் இருக்கும் 'லாக் டு ஃபைல்' கட்டத்தை டிக் செய்துவிட்டு ரெண்டரைப் போடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்தாலும் அந்தக் கோப்பு அப்படியே இருக்கும். அதன் கடைசி வரிகளில் ஜிபியு வெப்பம், ஹாட்ஸ்பாட், ஃபேன் வேகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் உச்ச வெப்பம் 93 டிகிரி. சாதாரணமாக 83-ஐ நெருங்கும்போதே கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசி வரியில் 90-க்கு மேல் இருந்தால் வெப்பம்தான் காரணம். ஜிபியு 70-இலும் ஹாட்ஸ்பாட் 85-இலும் இருக்கும்போதே அணைந்திருந்தால் குளிர்விப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். இந்தக் கார்டு 170 வாட் வரை இழுக்கும். 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது என்விடியா. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

யூடியூபில் இதே கார்டு 65 டிகிரியில் ஓடுவதைக் காட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர்கள் சோதிக்கும் அறை பெரும்பாலும் 20, 25 டிகிரிதான் இருக்கும். ஹீட்சிங்க் அறைக் காற்றிடம்தான் தன் சூட்டைக் கொடுக்க முடியும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கார்டும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். ஆகவே மதியம் 38 டிகிரி அறையில் உங்கள் கார்டு 80-ஐத் தொட்டால் அது கோளாறு இல்லை. 80-ஐத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்து, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே ரெண்டரை ஓட்டுங்கள். வெப்பம் எட்டு, பத்து டிகிரி இறங்கினால் கார்டு நன்றாக இருக்கிறது, பெட்டிக்குள் காற்றுதான் போகவில்லை என்று பொருள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, கலர் விளக்கு எரியும் மலிவு கேபினட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். மேசைக்கு அடியில் மரத்தட்டுக்குள் சொருகி வைத்திருந்தால் இன்னும் மோசம், பின்னால் வெளியேறும் சூடான காற்றே சுற்றி மறுபடி உள்ளே வரும். கேபினட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

தகடு திறந்திருக்கும்போதே ஃபேன்களையும் பார்த்துவிடுங்கள். ரெண்டர் இல்லாதபோது அவை சுற்றாமல் நிற்பது இயல்பு, பல கார்டுகளில் ஐம்பது டிகிரிக்கு மேல்தான் ஃபேன் ஓடத் தொடங்கும். ரெண்டர் ஓடும்போது இரண்டும் சுற்றுகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும், திரையில் வரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்து அறை சமையலறை என்று எழுதியிருந்தீர்கள். தாளிப்புப் புகையில் இருக்கும் எண்ணெய் தூசியோடு சேர்ந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் கம்பளிபோல அப்பிக்கொள்ளும், ப்ளோயர் அடித்தால் போகாது. மெல்லிய பிரஷ்ஷால் நெருடி எடுங்கள். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சூடு குறையவில்லை என்றால் ஹாட்ஸ்பாட் எண்ணுக்கு வாருங்கள். சிப்பின் பரப்பில் அதிகம் கொதிக்கும் புள்ளியின் வெப்பம் அது. ஜிபியு வெப்பத்தைவிடப் பத்து, பதினைந்து டிகிரி கூடுதலாக இருப்பது வழக்கம். இடைவெளி முப்பதை நெருங்கினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது சூடாகிச் சூடாகி ஆறியதில் ஓரத்துக்குப் பிதுங்கியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கார்டு என்பதால் எனக்கு இதில்தான் சந்தேகம் அதிகம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் முதலில் தேய்வது ஃபேனும் பேஸ்ட்டும் தெர்மல் பேடும்தான். சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கார்டைத் திறந்து பழகியவரிடம் பேஸ்ட் மாற்றும் வேலையைக் கொடுங்கள், கொடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். பேஸ்ட் சிப்பின் மேற்பரப்பு முழுவதும் பரவ வேண்டும், நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதாது. ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பேட் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மெமரி சிப்களின் மேல் இருக்கும் பேட் கிழிந்திருந்தால் அதே தடிமனில்தான் புதியது போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நின்றுவிடும், சிப்பில் சரியாக உட்காராது. புதுப் பேஸ்ட் போட்ட பிறகு ஹாட்ஸ்பாட் முன்பைவிட ஏறினால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

"ஹாட் ஏர் வச்சு சரி பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். 2008-இல் என்விடியாவின் லேப்டாப் சிப்களில் உள்பற்றவைப்பு விரிசல் விட்டது, அதற்காக அந்த நிறுவனம் 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அத்தகைய சிப்களைச் சூடேற்றினால் சில வாரம் உயிர் வரும், மறுபடி போய்விடும். அந்தக் காலத்து வழக்கம் இன்னும் சில கடைகளில் தொடர்கிறது. உங்கள் கார்டு படம் காட்டுகிறது, ரெண்டரைத் தொடங்கவும் செய்கிறது. அதற்கு இந்த வைத்தியம் தேவையில்லை, இருக்கிற சிப்பையும் கெடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆல்பம் வீடியோவைக் கொடுத்தாக வேண்டும் என்றீர்கள். அதுவரை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 75 விழுக்காட்டுக்கு இறக்கி வையுங்கள். கார்டு 130 வாட்டுக்குள் அடங்கிவிடும். வேகம் கால் பங்கு குறையுமோ என்று பயப்பட வேண்டாம், அதைவிட மிகக் குறைவாகத்தான் குறையும். நீளமான ரெண்டரை இரவு பத்து மணிக்கு மேல் போடுங்கள். டெலிவரி முடிந்ததும் அந்த லாக் கோப்பை எனக்கு அனுப்புங்கள், அணைவதற்கு முந்தைய பத்து நிமிடம் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்