கலைநகரில் ஒரு சிறு மந்தை

நம் ஆண்டவர் தம் சீடரை அன்புடன் சிறு மந்தை என்றழைத்தார். சட்டமும் செல்வாக்கும் எதிர்த்து நின்ற ஓர் ஊரில், அத்தகைய சிறு மந்தை ஒன்று சிதறிப் போகாமல் நிலைத்த வரலாற்றை இங்கே காண்போம். அவ்வூர் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு. கல்லூரிகளாலேயே புகழ் பெற்ற நகர் அது. அங்கே கத்தோலிக்க விசுவாசத்தைக் காத்தவர்கள் கற்றறிந்த மேதைகள் மட்டுந்தானா என்று நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

முதலாம் எலிசபெத் அரசி 1558-ஆம் ஆண்டு அரியணை ஏறினார். அவருடைய ஆட்சியில் திருப்பலி சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1581 முதல், பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்று விதி வகுத்தனர். மனச்சாட்சியுள்ள கத்தோலிக்கருக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டது. 1585-ஆம் ஆண்டுச் சட்டமோ, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாட்டிற்குள் வருவதை இராஜத் துரோகம் என்றது. அக்குருக்களுக்கு இடமளிப்போரும் மரண தண்டனைக்கு உரியவராயினர்.

ஆக்ஸ்போர்டின் புனித யோவான் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய எட்மண்ட் கேம்பியன், புகழையும் பதவியையும் துறந்து இயேசு சபைக் குருவானார். 1581 ஜூன் மாதம் அவர் எழுதிய சிறு நூலின் படிகள், பல்கலைக்கழகத்தின் புனித மரியாள் ஆலயப் பெஞ்சுகளில் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் அவர் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். 1970-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

கேம்பியனை உலகம் அறியும். ஆனால் 1589-இல் நடந்ததை அறிந்தோர் சிலரே. ஆக்ஸ்போர்டில் 'கேதரின் சக்கரம்' என்றொரு சத்திரம் இருந்தது. அதை நடத்திய கைம்பெண் மறைந்து திரிந்த குருக்களுக்குப் புகலிடம் தந்து வந்தார். ஒரு நள்ளிரவில் காவலர் புகுந்து, ஜார்ஜ் நிக்கல்ஸ், ரிச்சர்ட் யாக்ஸ்லி என்னும் குருக்கள் இருவரையும், தாமஸ் பெல்சன் என்னும் பிரபுவையும், சத்திரத்துப் பணியாளர் ஹம்ப்ரி பிரிச்சர்டையும் பிடித்தனர். ஜூலை 5-ஆம் நாள் நால்வரும் ஆக்ஸ்போர்டிலேயே கொல்லப்பட்டனர். சத்திரத்துத் தாய்க்கோ சொத்து முழுவதும் பறிபோயிற்று. ஆயுட்காலச் சிறையும் கிடைத்தது.

பிரிச்சர்ட் கல்லாதவர். கத்தோலிக்கன் என்பதன் பொருளாவது உனக்குத் தெரியுமா என்று தூக்குமேடையில் ஏளனம் செய்தார்கள். வாயால் விளக்க முடியாததை என் இரத்தத்தால் விளக்குவேன் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். பட்டங்கள் மலிந்த அந்நகரில் இதைவிடச் சிறந்த விடையை யார் எழுதியிருக்க முடியும்? 1987-இல் இந்நால்வரும் அருளாளராக அறிவிக்கப்பட்டனர்.

அதன்பின் நெடுங்காலம் மந்தை மறைவிலேயே வாழ்ந்தது. நாட்டுப்புறத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் மாளிகைகளில் திருப்பலி கமுக்கமாக நடந்தது. 1791-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு செய்த கோயில்களில் வழிபட அனுமதித்தது. ஆனால் கோபுரமும் மணியும் கூடாது. அந்தப் பத்தாண்டிலேயே, மாக்டலன் பாலத்திற்கு அப்பால் புனித கிளெமெண்ட் என்னும் பகுதியில், இயேசு சபைக் குரு சார்லஸ் லெஸ்லி எளிய சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார். புனித இஞ்ஞாசியார் பெயர் தாங்கிய அதுவே மந்தையின் வீடாயிற்று.

புனித மரியாள் ஆலயத்தில் 1828 முதல் 1843 வரை ஆங்கிலத் திருச்சபைக் குருவாயிருந்தவர் ஜான் ஹென்றி நியூமன். அவருடைய மறையுரையைக் கேட்க மாணவர் திரளுவர். ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து செபித்தபின், ஆக்ஸ்போர்டை அடுத்த லிட்டில்மோர் சிற்றூரில், 1845 அக்டோபர் 9-ஆம் நாள் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவரைச் சேர்த்துக்கொண்டவர் இத்தாலியில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் ஆடு மேய்த்த தோமினிக் பார்பேரி அடிகள். முந்திய இரவில் கொட்டும் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்த அவர் முன் அப்பேரறிஞர் மண்டியிட்டார். அதற்காக நியூமன் இழந்தவை பல. மறு ஆண்டு ஆக்ஸ்போர்டை விட்டுப் பிரிந்தவர், 1878-இல்தான் மீண்டும் அங்கே கால் வைத்தார்.

மாணவர் சேர்க்கையில் இருந்த சமயத் தடை 1854-இல் நீங்கிற்று. 1875-இல் புனித அலோசியஸ் ஆலயம் திறக்கப்பட்டது. 1878 டிசம்பர் முதல் ஏறத்தாழப் பத்து மாதம் அங்கே உதவிக் குருவாயிருந்த கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ், கௌலி படைமுகாமில் கொம்பு ஊதும் சிறுவன் ஒருவனுக்குப் புதுநன்மை வழங்கினார். அதைக் கவிதையாகவும் பாடினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்னியர் சபையொன்று, செர்வெல் எட்ஜ் என்னும் இல்லத்தில் கத்தோலிக்க மாணவியருக்கு விடுதி நடத்திற்று. 1920-இல்தான் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆக்ஸ்போர்டில் ஆரட்டரி சபை இல்லம் ஒன்றை நிறுவ நியூமன் 1860-களில் பெரிதும் முயன்றார், அது கைகூடவில்லை. 1990-இல் ஆரட்டரி சபையினரே புனித அலோசியஸ் ஆலயத்தின் பொறுப்பை ஏற்றனர். நியூமன் 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவ்வரலாறு கல்வியைத் தாழ்த்தவில்லை. கேம்பியனும் நியூமனும் தம் அறிவு முழுவதையும் ஆண்டவருக்கே காணிக்கையாக்கினர். ஆனால் சத்திரத்துத் தாய் கதவைத் திறந்திராவிடில் குருக்கள் எங்கே தங்கியிருப்பர்? நம் பங்கிலும் விடியுமுன் எழுந்து ஆலயத்தைத் திறக்கும் கோயில்பிள்ளை இருக்கிறார்; பீடத் துணிகளை வெளுத்துத் தரும் தாய்மார் இருக்கின்றனர். பட்டம் பெற்று உயரும் நாளில் அவர்களைக் கீழாக நோக்காதிருப்போம். கற்ற கல்வி அவர்களோடு சேர்ந்து மண்டியிட நமக்குக் கற்றுத் தருமானால், அதுவே நிறைந்த கல்வியாகும்.