சாவி வாங்குமுன் லீஸை வாங்கிப் படியுங்கள்

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் பதினான்கு வருடமாக மற்றவர்களின் கடைகளில் வேலை செய்கிறேன். நிரந்தர வதிவுரிமை இருக்கிறது. எங்கள் தெரு முனையில் நியூஸ் ஏஜென்ட், ஓஃப் லைசன்ஸ் கடை ஒன்று உண்டு. நடத்துபவர் ஊர்க்காரர், வயதாகிவிட்டதால் கொடுக்கப்போகிறார். குட்வில் 45,000 பவுண், சாமான் தனிக்கணக்கு. லீஸ் இன்னும் மூன்று வருடம். "பாதிக் காசைத் தந்து சாவியை வாங்கு, லான்ட்லோர்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். லைசன்ஸ் சுவரில் தொங்குது, அதிலேயே ஓட்டு" என்கிறார். மரக்கறி, மீன், அரிசி, வார இறுதியில் ரோல்ஸ், கொத்து என்று முழு ஏசியன் கடையாக மாற்ற ஆசை. படிக்க வந்திருக்கும் அக்கா மகன் இரவில் டில்லில் நிற்பான். இப்போது அங்கே காலையில் வேலைக்கு வரும் அம்மா எனக்குத் தேவைப்படமாட்டார். என்னென்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: 45,000 பவுண் கூடுதலா குறைவா என்று நான் சொல்ல முடியாது. அந்தக் காசுக்கு அவரிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். அலமாரியும் பிரிட்ஜும் பழைய சாமான்கள். நீங்கள் உண்மையில் வாங்குவது இரண்டு கடதாசிகளை: லீஸ், மதுபான லைசன்ஸ். இரண்டையும் நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

முதலில் லீஸ். லான்ட்லோர்டின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கடையை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்ற வாசகம் இல்லாத கடை லீஸை நான் பார்த்தது அரிது. அதை மீறி நீங்கள் சாவியை வாங்கி உள்ளே போனால், லீஸையே முடித்துக்கொள்ளும் உரிமை லான்ட்லோர்டுக்கு வரும். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி அவர் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன் பிறகு, மேலே வீடு இல்லாத வெறும் கடையென்றால், கோர்ட்டுக்குப் போகாமலே விடியற்காலையில் ஆளை அனுப்பிப் பூட்டை மாற்றலாம். உங்கள் இறைச்சி, மீன் எல்லாம் உள்ளே ஃப்ரீசரில் இருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

முறையாகக் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. "நியாயமின்றி மறுக்கக்கூடாது" என்ற நிபந்தனையோடு அனுமதி கேட்கச் சொல்லும் லீஸ் என்றால், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி லான்ட்லோர்ட் நியாயமான காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கைமாற்றும்போது, நீங்கள் வாடகை கட்டத் தவறினால் தான் கட்டுவதாக விற்பவரிடமும் வழக்கமாக உத்தரவாதம் வாங்குவார்கள். "பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று அவர் சொல்வதற்கு இந்த உத்தரவாதத்திலிருந்து தப்பும் எண்ணமும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து அந்த மூன்று வருடம். லீஸில் "லான்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் சட்டம் 1954" என்ற சொற்களைத் தேடுங்கள். அந்தச் சட்டத்தின் 24 முதல் 28 வரையான பிரிவுகள் விலக்கப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தால், மூன்று வருடம் முடிந்ததும் நீங்கள் எழும்ப வேண்டியதுதான். புதுப்பிக்கும் உரிமையும் கிடையாது, நட்டஈடும் கிடையாது. 45,000ஐ 36 மாதத்தால் பிரித்துப் பாருங்கள்: வாடகைக்கு மேலே மாதம் 1,250 பவுண் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். விலக்கப்படவில்லை என்றால் நிலைமை வேறு. லீஸ் முடிந்தாலும் அங்கேயே வியாபாரம் செய்துகொண்டு புதிய லீஸ் கேட்கலாம்; கட்டடத்தை இடித்துக் கட்டுவது, தானே அங்கே வியாபாரம் நடத்துவது போன்று சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மட்டுமே லான்ட்லோர்ட் மறுக்க முடியும். ஒரே தெருவில் ஒரே அளவுள்ள இரண்டு கடைகளின் குட்வில் விலை இந்த ஒரு வரியால் தலைகீழாக மாறும். விலக்கப்பட்ட லீஸ் என்றால் இப்போதே லான்ட்லோர்டிடம் பத்து வருடப் புது லீஸ் கேளுங்கள், இடையில் நீங்கள் விலகிக்கொள்ளும் உரிமையோடு. அது கிடைக்காவிட்டால் குட்விலைப் பாதியாகக் குறைத்துப் பேசுங்கள்.

கூரைக்கும் சுவருக்கும் திருத்த வேலை யார் பொறுப்பு என்பதையும் பாருங்கள். பின் அறைக் கூரையில் ஈரக்கறை இருந்தால் அது நேற்று வந்ததா, பத்து வருடப் பழசா என்று யாரும் கேட்கப்போவதில்லை. லீஸை எடுத்துக்கொண்டவர் தலையில்தான் விழும். புது லீஸ் எழுதினால், கட்டடத்தின் இன்றைய நிலையைப் படங்களோடு லீஸில் இணைக்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் கடைகள் "கிளாஸ் ஈ" என்ற வகைக்குள் வருகின்றன. ஆகவே பேப்பர் கடையை மரக்கறிக் கடையாக்க கவுன்சிலின் பிளானிங் அனுமதி பொதுவாகத் தேவையில்லை. ஆனால் லீஸில் "நியூஸ் ஏஜென்ட், இனிப்பு, புகையிலை, மதுபானம்" என்று மட்டும் எழுதியிருந்தால், மீனும் அரிசியும் விற்க லான்ட்லோர்டின் அனுமதி வேண்டும். கொத்து வேறு கதை. தட்டில் கொத்திச் சுடச்சுடக் கட்டிக் கொடுப்பதே முக்கிய வியாபாரமானால் அது டேக் அவே. தனியான பிளானிங் அனுமதி வேண்டும். பாடசாலை வாசலிலிருந்து 400 மீற்றர் நடைதூரத்துக்குள் புதிய டேக் அவேக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்பது 2021ஆம் ஆண்டு லண்டன் பிளானின் கொள்கை. இரவு 11 மணிக்குப் பிறகு சூடான சாப்பாடு விற்க அதற்கும் லைசன்ஸ் அனுமதி வேண்டும். முதல் வருடம் கொத்தை மறந்துவிட்டு ரோல்ஸோடு நில்லுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இனி சுவரில் தொங்கும் லைசன்ஸ். அது யார் பெயரில் என்று கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் பாருங்கள். கம்பனி பெயரில் என்றால் அதே கையோடு கம்பனீஸ் ஹவுஸ் இணையப் பதிவிலும் தேடுங்கள். கணக்குக் கொடுக்காமல் விட்டு கம்பனி கலைக்கப்பட்டிருந்தால் லைசன்ஸும் அன்றே காலாவதி. 28 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் அதை உயிர்ப்பிக்க வழியில்லை. புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடை வாசலில் வெளிர் நீல நோட்டீஸ் ஒட்டி, 28 நாள் ஆட்சேபனைக்குக் காத்திருக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் பியர் விற்றால் ஆறு மாதம் வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் உண்டு.

லைசன்ஸ் உயிரோடு இருந்தால் மாற்றுவது சுலபம். இருப்பவரின் சம்மதத்தோடு உங்கள் பெயருக்கு மாற்ற 23 பவுண், மதுபான விற்பனைப் பொறுப்பாளர் பெயரை மாற்ற இன்னொரு 23. அந்தப் பொறுப்பாளருக்குப் பெர்சனல் லைசன்ஸ் வேண்டும். பரீட்சை எழுதி இப்போதே எடுத்து வையுங்கள். லைசன்ஸின் பின்பக்கங்களை விடாமல் படியுங்கள். சிசிடிவி பதிவை 31 நாள் வைத்திருப்பது, 6.5 வீதத்துக்கு மேற்பட்ட பியர் விற்காதிருப்பது, தனி கான் விற்காதிருப்பது என்று ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நிபந்தனை. ஆள் மாறினாலும் நிபந்தனை மாறாது. கடையின் வரைபடமும் லைசன்ஸின் பாகமே. அரிசி மூட்டைக்கு இடம் விட மதுபான அலமாரியை நகர்த்தினாலும் முதலில் கவுன்சிலைக் கேட்க வேண்டும்.

அக்கா மகன் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான். வாரம் திங்களில் தொடங்கும், வேறு இடத்தில் செய்யும் வேலையும் அதில் சேரும். மாஸ்டர்ஸ் மாணவருக்குக் கோடைகாலம் பெரும்பாலும் விடுமுறையாகக் கணக்கில் வராது. "சும்மா உதவிக்கு நின்றவன்" என்ற பதிலை அதிகாரிகள் தினம் கேட்கிறார்கள். 2024 பெப்ரவரி 13 முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. உங்கள் குட்வில் முழுவதும் ஒரே இரவில் போய்விடும். சட்டவிரோத வேலை லைசன்ஸை மறுபரிசீலனைக்கு இழுக்கும், பையனின் விசாவும் போகலாம். அவனை வைப்பதானால் முதல் நாளுக்கு முன்பே ஷேர் கோட் வாங்கி ஹோம் ஆபீஸ் இணையத்தில் சரிபார்த்து, அவனுடைய கல்லூரித் தவணைத் தேதிகளையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சம்பளத்தைப் பே ஸ்லிப்போடு கொடுங்கள்.

காலையில் வரும் அம்மாவை நீங்கள் நினைப்பது போல விட்டுவிட முடியாது. நடக்கும் வியாபாரத்தை வாங்கினால் 2006ஆம் ஆண்டு டூப்பி விதிகளின்படி அவரும் அதே சம்பளத்தோடு, சேர்த்த சேவைக்காலத்தோடு உங்களிடம் வருவார். கைமாறியதையே காரணமாக்கி நிறுத்தினால் அது அநியாய பணிநீக்கம். அவருக்கு இரண்டு வருடச் சேவை இருந்தால் வழக்கும் போடலாம். தவிர, அந்தத் தெருவில் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தெரிந்தவர் அவர்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடை திறப்பதற்கு 28 நாளுக்கு முன் உணவு வியாபாரமாகக் கவுன்சிலில் பதிய வேண்டும். காசு இல்லை, மறுக்கவும் முடியாது. வாழைக்காய்ப் பெட்டியை வாசலில் வைப்பதற்கு லைசன்ஸ் தேவைப்படலாம். "என் சொந்த முற்றம்" என்ற வாதம் லண்டனில் எடுபடாது, ஏனென்றால் நடைபாதையிலிருந்து 7 மீற்றருக்குள் மக்கள் வந்துபோகும் திறந்த இடமும் சட்டத்தில் தெருவே. ரோல்ஸை வீட்டில் செய்து தரும் அக்காவும் பதிந்திருக்க வேண்டும். பொதி செய்து விற்றால் கோதுமை, முட்டை, கடுகு, எள், மாசிக்கருவாடு என்று ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி போட்ட லேபிள் கட்டாயம். ஊரிலிருந்து சூட்கேஸில் வரும் கருவாட்டை வீட்டில் சாப்பிடுங்கள், கடையில் வைக்காதீர்கள்.

வாட் பற்றி ஒரு பொறி இருக்கிறது. வருட விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால்தான் பதிய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நடக்கும் வியாபாரத்தை வாங்கும்போது பழையவரின் விற்பனையும் உங்கள் கணக்கில் சேரும். அவருடைய கணக்கைக் கேளுங்கள். அது தாண்டியிருந்தால் நீங்கள் முதல் நாளிலிருந்தே பதிய வேண்டியவர்.

சாமானை வெளி மதிப்பீட்டாளரை வைத்து இருவரும் நின்று எண்ணுங்கள். 2025 ஜூன் முதல் விற்கத் தடையான ஒருமுறை வேப்புகள், பில் இல்லாத சிகரெட், தேதி முடிந்தவை மூன்றையும் கணக்கில் எடுக்காதீர்கள். ரொக்கமாக ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். லான்ட்லோர்டின் அனுமதியும் லைசன்ஸ் மாற்றமும் கிடைத்தால் மட்டும் விற்பனை நிறைவேறும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, முன்பணத்தை இரு தரப்புக்கும் பொதுவாக சொலிசிட்டரின் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் வேறு கடை பாருங்கள். ஈஸ்ட் ஹாமில் கடைக்குப் பஞ்சமில்லை.