சின்ன ஹோட்டலில் 15 பேர்: வேப்பம்பட்டில் ஒரு கூட்டு விருந்துக்கு வழிகாட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒருவர், ஆவடியில் ஒருவர், திருவள்ளூரில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் நண்பர்கள் ஒரு ராத்திரி சேர்ந்து சாப்பிட வேப்பம்பட்டு வசதியான இடம். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில், மின்சார ரயில் பாதையிலேயே இருக்கிறது. நாலைந்து மேஜையும், ஒரு பரோட்டாக் கல்லும், ஒரு மாஸ்டரும் உள்ள சின்னக் கடைகளின் கைப்பக்குவம் பெரிய ஹோட்டல்களில் கிடைக்காது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் 15 பேர் போய் நின்றால் அந்த அடுப்பு திணறும். கடையின் கொள்ளளவுக்கு நம் திட்டத்தைப் பொருத்துவதில்தான் விருந்தின் வெற்றி இருக்கிறது.

1. நாளையும் தலைக்கணக்கையும் முடிவு செய்யுங்கள்

பொறுப்பை ஒரே ஒருவர் ஏற்க வேண்டும். கடைக்காரரிடம் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். செவ்வாய், வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி, சபரிமலை மாலை என்று அவரவர் விரதங்களைக் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள். புதன் அல்லது வியாழன் பெரும்பாலும் ஒத்துவரும்; கடையிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்காது. சைவம் எத்தனை, அசைவம் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று எழுதி வையுங்கள்.

2. நான்கு நாள் முன்னதாக நேரில் போய்ப் பேசுங்கள்

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு, 3 மணிக்கு மேல் போனால் ஓனர் நிதானமாகப் பேசுவார். “அண்ணே, வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு 15 பேர் வர்றோம். உங்களுக்கு எது சுலபமோ அதைச் சொல்லுங்க, அதையே வெச்சுக்கலாம்” என்று தொடங்குங்கள். எட்டு மணிக்கு மேல் பார்சல் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால் ஏழு மணி நல்லது. சென்ட்ரல் பக்கமும் திருவள்ளூர் பக்கமும் திரும்பிப் போகிறவர்களுக்குக் கடைசி ரயில் எப்போது என்று அன்றே பார்த்து, எழுந்திருக்கும் நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

3. ஒரே அண்டாவில் அடங்கும் மெனுவைத் தேர்ந்தெடுங்கள்

15 பேர் 15 விதமாகக் கேட்டால், முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். பொது உணவாக ஒன்று போதும். 12 பேர் அசைவம் என்றால் ஒன்றரைக் கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ மட்டன் போட்ட தம் பிரியாணி தாராளமாகக் காணும். தொட்டுக்கொள்ளத் தயிர் வெங்காயம், கத்தரிக்காய்த் தொக்கு, ஒரு சிக்கன் வறுவல்.

இந்தப் பெரிய பாத்திர முறை கடல் கடந்தும் போயிருக்கிறது. 1845 மே 10 அன்று இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் பேவில் கரைசேர்ந்தது. அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் வழியாகப் பரவிய ஆட்டுக்கறிக் குழம்பு, இன்று ஜமைக்கா விருந்துகளின் முக்கிய உணவு. மெதுவாக வேகும் கறியை ஒரே பாத்திரத்தில் வைத்தால் எத்தனை பேருக்கும் ஒரே ருசி, ஒரே சூடு.

சைவக்காரர்களை மறந்துவிட வேண்டாம். பல கடைகளில் பரோட்டா மாவில் முட்டை சேர்ப்பார்கள். வெறும் சால்னாவிலும் எலும்புச் சாறு இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்குத் தனிச் சட்டியில் காளான் மசாலாவும் சப்பாத்தியும் சொல்லிவையுங்கள்.

4. அட்வான்ஸ் கொடுங்கள்

மொத்தத் தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுப்பதுதான் நியாயம். நாம் வராமல் போனால் ஒரு அண்டாக் கறியின் நஷ்டத்தைச் சின்னக் கடை தாங்காது. நண்பர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று முன்னதாகவே ஜிபேயில் வாங்கிவிட்டால், சாப்பிட்டு முடித்து கல்லாவின் முன்னால் கணக்குப் போட்டு நிற்க வேண்டியதில்லை. ஆள் கூடினாலும் குறைந்தாலும் முதல் நாளே போன் செய்து சொல்லுங்கள்.

5. விருந்து நாளில்

பொறுப்பாளர் அரை மணி நேரம் முன்னதாகப் போய் மேஜைகளைச் சேர்த்துப் போடச் சொல்லட்டும். குழந்தைகளுக்கும் சைவக்காரர்களுக்கும் முதலில் பரிமாறச் சொல்லுங்கள். கூடுதலாக ஆம்லெட், கலக்கி வேண்டும் என்றால் ஆளாளுக்குக் கூப்பிடாமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையில் சப்ளையரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டதும் மேஜையை விட்டு எழுந்து வெளியே நின்று அரட்டையைத் தொடருங்கள். அந்த இடத்தில் கடைக்கு இன்னொரு பந்தி நடக்கும்.

6. பில்லைச் சரிபாருங்கள்

இத்தகைய ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். 6,000 ரூபாய் பில்லுக்கு 300 ரூபாய். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருந்து காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்த கடை, வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டிப்ஸ் நம் விருப்பம். ஆனால் அடுப்படியில் நின்ற மாஸ்டர், பரிமாறிய சப்ளையர், இலை எடுத்த அம்மா என எல்லோருக்கும் போய்ச் சேரும்படி கையில் கொடுங்கள். எது நன்றாக இருந்தது என்று மாஸ்டரிடம் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அடுத்த முறை நீங்கள் போன் செய்யும்போது அந்தக் கடை உங்களை வாடிக்கைக்காரராக நடத்தும்.